இரண்டாம் முறை சிக்கினால் உரிமமே போகும்

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் சுற்றுவட்டார ஊர்களின் உற்சவமூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வந்து கூடுவார்கள். பக்தர்களை ஏற்றிவரும் வேன், பேருந்து, ஆட்டோ ஓட்டுநர்களின் பிழைப்பெல்லாம் சட்டைப்பையில் உள்ள ஓர் அட்டையில் அடங்கியிருக்கிறது. ஓட்டுநர் உரிமம்தான் அது.

குடி அதைப் பறித்துவிடும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் 15,000 ரூபாய்.

பணத்தைக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. ஒருமுறை தண்டனை பெற்றவர் அதே குற்றத்துக்கு மீண்டும் தண்டிக்கப்பட்டால், நீதிமன்றம் உரிமத்தை ரத்து செய்தே ஆகவேண்டும் என்கிறது 22-ஆவது பிரிவு.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பைக்குக்கும் பேருந்துக்கும் ஒரே உரிமம். விடுமுறை நாளில் சொந்த பைக்கில் சிக்கினாலும் பேருந்து ஓட்டும் தகுதி சேர்ந்தே போகும். அமெரிக்காவில் லாரி, பேருந்து ஓட்டுநருக்கு இரண்டாம் முறை வாழ்நாள் தடை; சொந்தக் காரில் செய்த குற்றமும் கணக்கில் சேரும்.

இரவு வெகுநேரம் குடித்துவிட்டு விடியற்காலை டிரிப்புக்குக் கிளம்புபவர்களும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். கல்லீரல் ஆல்கஹாலை மெதுவாகத்தான் கரைக்கும். குளியலோ காபியோ அதை விரைவுபடுத்தாது.