எல்லைக்கோடும் வாக்குரிமையும்: மிச்சிகன் தரும் படிப்பினை

தேர்தல் முறையை நலன்சாராப் பொறியாகக் கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதுவதற்கில்லை. 2012இல் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கூடுதலான வாக்குகளைப் பெற்ற சனநாயகக் கட்சி, பிரதிநிதிகள் சபைக்கான 14 ஆசனங்களுள் 5ஐயே பெற்றது. 2011இல் குடியரசுக் கட்சியினர் தமக்குச் சாதகமாக வரைந்த தொகுதி எல்லைகளே இதற்கு முதன்மைக் காரணமாகும்.

2016 நவம்பரில் கேட்டி ஃபேஹி என்ற இளம்பெண் முகநூலில் விடுத்த அழைப்பு இவ்வநீதிக்கெதிரான இயக்கமாக வளர்ந்தது. ஆயின், வெற்றியை முகநூலுக்கே உரித்தாக்குதல் பொருந்தாது. தொண்டர்கள் ஊரூராகச் சென்று 4 இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினர். 2018இல் 61 சதவீத வாக்காளர் ஆதரித்தமையால், எல்லை வரையும் அதிகாரம் 13 குடிமக்களைக் கொண்ட ஆணைக்குழுவிடம் சென்றது.

தொடர்புசாதனம் மக்களைக் கூட்டலாம்; கூடியோரைச் சமூக சக்தியாக்குவது அமைப்பே என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.