நினைவகக் காவலன் பிணங்குங்கால்

பரங்கிப்பேட்டைத் துறையிலே ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வாணிகம் நடத்திய காலத்துப் பண்டகசாலை ஒன்றை வாசகர் மனத்திற் கொள்வாராக. அறையை வாடகைக்கு எடுத்தவன் திரும்ப ஒப்படையாவிடின் இடம் வீணாகும். ஒப்படைத்த பின்னரும் பழைய திறவுகோலைக் கொண்டு புகுவானாயின் பிறர் சரக்குக் கெடும். ஸி மொழி நிரல்களும் கணினியின் நினைவகத்தை 'மாலாக்' என்பதனாற் பெற்று, 'ஃப்ரீ' என்பதனால் இவ்வாறே திருப்புகின்றன. கணக்கு வைக்குங் கடமை எழுதுவோனையே சார்ந்தது.

இக்கடமை தவறின் விளையுங் கேடு சிறிதன்று. 2014-ஆம் ஆண்டில் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்னும் பிழை, எல்லை கடந்து படிக்க இடந்தந்து, நினைவகத்திலிருந்த இரகசியங்களை ஒரு வேண்டுகோளுக்கு 64 கிலோபைட் வரை அயலார்க்கு ஈந்துவிட்டது.

லினக்ஸில் இக்கணக்கைத் தணிக்கை செய்யுங் கருவி, ஜூலியன் ஸீவார்ட் என்பார் இயற்றி 2002-இல் வெளிப்போந்த வால்கிரின்ட் ஆகும். அதன் மெம்செக் என்னும் உறுப்பு ஒவ்வோர் அணுகலையும் சோதித்தலின், நிரல் இருபது முப்பது மடங்கு தாமதித்து ஓடும். அதனைப் பழுதென்று கருதற்க. மெய்யான இடர்ப்பாடுகள் வேறு. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, கருவி தொடங்கும்போதே நின்றுவிடுதல். இயங்குநிலை இணைப்பியின் குறியீட்டுப் பெயர்கள் நீக்கப்பட்டிருப்பின், தான் மாற்றியமைக்க வேண்டிய செயற்கூறுகளை அது கண்டுகொள்ள மாட்டாது. ஸி நூலகத்தின் பிழைத்திருத்தத் தொகுதியை நிறுவுக. டெபியனில் அதன் பெயர் லிப்ஸி6-டிபிஜி.

இரண்டாவது, அறிக்கையில் வரி எண் தோன்றாமை. 'ஜி' என்னும் விருப்பக்குறியோடும், குறைந்த உகப்பாக்கத்தோடும் நிரலை மீண்டும் தொகுக்க.

மூன்றாவது, அறியாத கட்டளை என்று கூறி நிரல் மாய்தல். புதிய செயலிக்கென்றே தொகுக்கப்பட்ட நிரலில், பழைய வால்கிரின்ட் கல்லாத கட்டளைகள் இருத்தல் கூடும். கருவியைப் புதுப்பிக்க, அன்றேல் பொதுவான செயலிக்கேற்பத் தொகுக்க.

நான்காவது, பிழைகள் நூற்றுக்கணக்கிற் பெருகுதல். முதற் பிழையையே முதலில் தீர்க்க. பின்னவை பல அதன் சந்ததியாதல் கூடும். மதிப்பிடப்படாத மாறியின் பிறப்பிடம் விளங்காவிடின், 'டிராக்-ஆரிஜின்ஸ்' என்னும் விருப்பத்தை இயக்குக.

பிறர் நூலகத்திற் காணும் குற்றங்களை மறைக்க அடக்கற்கோப்பு உண்டு. ஆயின், ஆராய்ந்து அறிந்ததையன்றி யாதொன்றையும் அதில் எழுதற்க. காவலன் வாயைக் கட்டுதல் களவைத் தடுத்தலாகாது.

இறுதியாக, கருவியின் மௌனம் நிரலின் தூய்மைக்குச் சான்றன்று. அன்று ஓடிய வழியையே அது கண்டது. அடுக்கிலும் பொது மாறிகளிலும் உள்ள அணிகளின் எல்லைமீறலை அது பெரும்பாலும் காணாது. அவற்றிற்கு அட்ரஸ் ஸானிடைஸரைத் துணைக்கொள்க. பல உள்ளீடுகளால் நிரலைச் சோதித்த பின்னரே அதனைப் பிறர் கையில் ஒப்புவித்தல் மாணவர்க்குத் தகும்.