நிலப்படமும் கூட்டுறவுப் பணியே

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் பழம் கனியும் தறுவாயில் மழை பெய்தால், பழம் வெடித்து அழுகும். நஷ்டமடைந்த தோட்டங்கள் எவை, எத்தனை ஏக்கர் என்று கேட்டால், சர்வே எண்களைப் பேரேட்டில் தேடுவதிலேயே நாட்கள் கழிவதைச் சில சங்கங்களில் நாம் கண்டதுண்டு. தோட்டவாரியான நிலப்படம் சங்கத்தில் இருந்தால் இவ்வல்லல் குறையும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. 2002-ஆம் ஆண்டில் கேரி ஷெர்மன் தொடங்கிய க்யூ.ஜி.ஐ.எஸ். என்னும் கணினி மென்பொருள் இனாமாகவே கிடைக்கிறது. அதன் மூல நிரல் மறைக்கப்படவில்லை. பல நாட்டுத் தொண்டர்கள் அதைத் திருத்திப் பலனைப் பொதுவில் வைக்கின்றனர். கூட்டுறவு நெறியும் இதுவன்றோ?

தோட்டத்தின் எல்லையைக் கைப்பேசியுடன் நடந்து குறித்து, சர்வே எண், கொடியின் வயது, கிணற்றின் ஆழம் ஆகியவற்றை இணைத்தால், வேண்டிய தோட்டங்கள் திரையில் தனி நிறத்தில் தெரியும். எப்பகுதியில் கிணறுகள் ஆழமாகி வருகின்றன என்பதும் ஆண்டுதோறும் ஒப்பிட்டால் புலப்படும். ஆயின், கைப்பேசி அளவு சில மீட்டர் பிசகக்கூடும். எல்லைத் தகராறுக்கு அரசாங்கப் புலப்படமே ஆதாரம்.

கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மண்ணின் பெயரால் மதிப்புப் பெறும் கனிக்கு, அம்மண்ணின் படம் நம் கையில் இருக்க வேண்டாமா? படித்த இளைஞர் இருவரைப் பயிற்றுவிக்க, அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே தீர்மானம் கொணர்வார்களாக!