சாப்பாட்டு மேஜையே போதும்!

"அம்மா, ஸ்கூல்ல டேபிள் டென்னிஸ் மேஜை இருக்கு. சொல்லிக் கொடுக்கத்தான் ஆளே இல்லே!" என்று உங்கள் பெண் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறாளா? கோச்சிடம் அனுப்பலாம் என்றால் பஸ் ஏறிப் போக வேண்டும். திரும்புவதற்குள் இருட்டிவிடும். பீஸ் வேறு! "சரிதான், விட்டுடு" என்று சொல்லிவிடுகிறோம். பையனென்றால் எப்படியாவது போய் வரட்டும் என்போம். பெண்ணின் ஆட்டம்தான் முதலில் நிற்கிறது.

நிறுத்தாதீர்கள். மட்டையைத் தொட்டே அறியாத அம்மாவும் வீட்டில் பயிற்சி கொடுக்கலாம். நாம் எடுத்த எடுப்பிலேயே இருபத்தொரு புள்ளிக் கோலமா போட்டோம்? மூன்று புள்ளி, ஐந்து புள்ளி என்றுதானே ஏறினோம்? இதுவும் அப்படித்தான்.

முதல் படி: மட்டையும் பந்தும்

கைகுலுக்குவது போல மட்டையைப் பிடித்து, பந்தை அதன்மேல் தட்டிக்கொண்டே இருக்கட்டும். விழாமல் ஐம்பது வந்தால், ஒவ்வொரு தட்டுக்கும் மட்டையைத் திருப்பிப் போட்டுத் தட்ட வேண்டும். அதுவும் வந்தால், நடந்துகொண்டே தட்டலாம். பரணில் கிடக்கும் பழைய பந்து வேண்டாம். அது 38 மில்லிமீட்டராக இருக்கும். 2000-லிருந்து ஆடுவது 40 மில்லிமீட்டர் பந்து.

இரண்டாம் படி: சுவர்

டேபிள் டென்னிஸ் மேஜையின் உயரம் 76 சென்டிமீட்டர். நம் சாப்பாட்டு மேஜையும் ஏறக்குறைய அவ்வளவுதான். விரிப்பை எடுத்துவிட்டு மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வலையின் உயரம் 15.25 சென்டிமீட்டர், அதாவது அரை அடி. மேஜை மட்டத்திலிருந்து அரை அடி உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பந்து கோட்டுக்கு மேலே பட்டு, மேஜையில் ஒரு தரம் குதித்து வந்த பிறகு அடிக்க வேண்டும். முதலில் ஃபோர்ஹேண்ட் மட்டும் இருபது. பிறகு பேக்ஹேண்ட் இருபது. பிறகு மாற்றி மாற்றி.

மூன்றாம் படி: சர்வீஸ்

இதற்குத் துணையே வேண்டாம். பள்ளி மேஜையில் பத்து நிமிஷம் கிடைத்தால் போதும். விரித்த உள்ளங்கையிலிருந்து பந்தைக் குறைந்தது 16 சென்டிமீட்டர் நேராக மேலே எறிந்து, இறங்கும்போது அடிக்க வேண்டும் என்பது விதி. எதிர்ப்பக்கம் ஒரு செய்தித்தாளை விரித்து, அதில் விழச் செய்யட்டும். தேறினால் தாளை இரண்டாக மடியுங்கள், பிறகு நான்காக.

நான்காம் படி: அம்மாவின் பங்கு

மேஜையை நகர்த்திப் போட்டு, கிண்ணத்தில் பத்துப் பந்துடன் எதிரே நில்லுங்கள். பந்து மேஜையில் குதித்துப் போகும்படி கையால் எறியுங்கள். முதலில் ஒரே இடம். பிறகு வலது, இடது என்று வரிசையாக. கடைசியில் வரிசையே இல்லாமல். நிஜ ஆட்டம் இதுதான்!

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் எண்ணிக்கையைக் குறியுங்கள். பத்துக்கு எட்டு வந்தால் அடுத்த படி. ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். இறங்குவதில் வெட்கமில்லை. இடம், வேகம், வரிசை மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு சமயத்தில் ஒன்றுதான்.

தினம் இருபது நிமிஷம் போதும். சாப்பிட்ட உடனே வேண்டாம். தோளையும் மணிக்கட்டையும் சுழற்றிவிட்டுத் தொடங்கட்டும். தரை ஈரமில்லாமல், காலில் கான்வாஸ் ஷூ இருக்கட்டும். தோளோ முழங்கையோ வலித்தால் அன்றைக்கு ஓய்வு. வாரம் ஒரு தடவை செல்போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். முழங்கால் மடங்காமல் விறைப்பாக நிற்பது அவள் கண்ணுக்கே தெரியும்.

பெரிய போட்டிகளுக்கு கோச் வேண்டும்தான். ஒருநாள் கிடைப்பார். அன்று உங்கள் பெண், ஆட்டத்தை விட்டவளாக இல்லாமல், நோட்டும் கையுமாகப் போய் நிற்பாளே! அது போதாதா?