விரலால் அளந்த வயல்

இந்தோனேசியாவின் ஃபுளோரெஸ் தீவில், மங்கராய் மாவட்டத்தில், சன்சார் என்றொரு ஊர். பக்கத்துக் குன்றிலிருந்து பார்த்தால் நெல்வயல்கள் பெரிய பெரிய சிலந்தி வலைகளாகத் தெரியும். நடுவே ஒரு புள்ளி. அங்கிருந்து நாலாபுறமும் ஓடும் வரப்புகள். வருகிறவர்கள் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அழகுதான். அதைவிட அழகு அதற்குள் இருக்கும் கணக்கு.

குலத்துக்குப் பொதுவான இந்த நிலத்துக்கு லிங்கோ என்று பெயர். அதைப் பங்கு பிரித்துவந்தவர் 'துஆ தெனோ' என்ற பெரியவர். நடுவில் முளை அடித்து, பலி கொடுத்து, அதைச் சுற்றி விரல்களால் பங்கு அளப்பார். அளந்த இடத்திலிருந்து வெளி எல்லைவரை நேர்கோடு இழுத்தால் பங்கு முடிந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முளையின் மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி, ஒன்றரை செ.மீ. அகலமுள்ள விரலை வைக்கிறார் என்று கொள்வோம். எல்லை 100 மீட்டரில் இருந்தால், அந்த விரல் அங்கே 15 மீட்டராக விரிந்திருக்கும். பரப்பு 750 சதுர மீட்டர், நம் கணக்கில் பதினெட்டரை சென்ட். கயிறு பிடித்து மேடுபள்ளமெல்லாம் அலைய வேண்டியதில்லை. எல்லோருடைய பங்கும் ஒரே இடத்தில், எல்லோர் கண்ணெதிரே முடிவாகிவிடுகிறது. ஏடும் வரைபடமும் இல்லாத ஊரில் இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சமத்துவம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. தலைமைக் குடும்பங்களுக்குப் பங்கு பெரிது. லிங்கோ சரியான வட்டமாக இல்லாவிட்டால், எல்லை கிட்டத்தில் இருக்கும் பக்கத்துக்காரருக்கு நிலமும் குறையும்.

வெளி ஆட்சிகளும் வந்துபோயின. முன்பு பக்கத்துத் தீவின் பீமா சுல்தானின் ஆட்கள் திறை வாங்கினார்கள். 1907இல் டச்சுப் படை வந்தது. பின்னால் கத்தோலிக்கப் பாதிரிமார். ஊர் இன்று கத்தோலிக்க ஊர். ஆனாலும் முரசு வைத்திருக்கும் குலவீடும் லிங்கோவும் ஒன்றையொன்று விட்டுப் பிரியவில்லை. அந்த வீட்டின் கூம்புக் கூரைக்குள் அண்ணாந்து பார்த்தால், உச்சியிலிருந்து கீழ்நோக்கி விரியும் கைமரங்களில் அதே வலை.

உண்மையில் பெரிய மாற்றம் தண்ணீரால் வந்தது. முன்பு இது மானாவாரி நிலம். மலைநெல்லும் சோளமும் சில ஆண்டுகள் விளைவித்துவிட்டுத் தரிசாகப் போடுவார்கள், அடுத்த லிங்கோவில் மறுபடி பங்கு பிரியும். இருபதாம் நூற்றாண்டில் நன்செய் வந்தது. தண்ணீர் தேங்க வேண்டுமே, ஒவ்வொரு பங்குக்குள்ளும் குறுக்கு வரப்புகள் எழுந்தன. நாம் பார்க்கும் வலையின் குறுக்கிழைகள் அவைதான். நிலமும் நிரந்தரமாக அந்தந்தக் குடும்பத்தோடு தங்கிவிட்டது. இப்போது பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது முளையில் விரல் வைப்பதில்லை. அப்பாவின் ஆப்பு வடிவத் துண்டையே மேலும் கூறுபோட்டுக்கொள்கிறார்கள்.