நகரத்தின் கடைமடை

வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவன் எப்பொழுதும் கடைமடையை நினைத்துக் கொண்டேயிருப்பான். தலைமடையில் எத்துணை நீர் புரண்டோடினாலும், கடைமடைக்கு வந்து சேராவிடில் அவ்வாண்டு விளைச்சல் முழுமை பெறாது என்பது அவனுக்குத் தெரியும். நகரவாசிகளாகிய நமக்கும் ஒரு கடைமடை உண்டு. வயலின் கடைமடைக்கு நீர் வந்து சேரவேண்டும். நகரின் கடைமடையிலிருந்து நீர் வெளியேற வேண்டும். வேறுபாடு அவ்வளவே. புதுச்சேரியின் பழைய நகருக்கும் அதன் தென்புறத்துக்கும் அத்தகைய கடைமடையாக அமைந்திருப்பது தேங்காய்த்திட்டுப் பகுதி.

செஞ்சிப் பகுதியில் தோன்றி வில்லியனூரைக் கடந்து வரும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்குகையில் சுண்ணாம்பாறு என்றும் அரியாங்குப்பம் ஆறு என்றும் இரு கிளைகளாகப் பிரிகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியோடு வாணிகம் நடத்திய அரிக்கமேடு இருப்பது இந்த அரியாங்குப்பம் ஆற்றின் கரையிலேதான். அவ்வாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியே தேங்காய்த்திட்டின் சுரபுன்னைக் காடும் மீன்பிடித் துறைமுகமும் இருக்கின்றன. நகருக்குள் பெய்யும் மழையில் பெரும்பங்கை ஏந்திவரும் உப்பனாறு வாய்க்காலும் இத்தென்கோடியை நோக்கியே ஓடுகிறது. ஆகவே மலையடிவார நீரும் நம் வீட்டுக் கூரை நீரும் இறுதியில் சந்திப்பது ஏறக்குறைய ஒரே இடத்தில்தான்.

ஒரு நாளில் பெய்த மழை

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாளை நம் குடும்பங்கள் எளிதில் மறவா. அன்றிரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தது; கடந்த பின்னும் விரைந்து அகலாமல் பல மணி நேரம் நம் தலைக்கு மேலேயே நின்றது. டிசம்பர் முதல் நாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் பெய்த மழை 48 செ.மீ.க்கும் அதிகம். இதற்கு முன் 2004ஆம் ஆண்டு அக்டோபர் 31இல் பதிவான 21 செ.மீ. மழையே பெருமழையாகப் பேசப்பட்டு வந்தது. ஆண்டு முழுவதும் நமக்குக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 130 செ.மீ. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது ஒரே நாளில் கொட்டித் தீர்ந்தது.

இதனை வீட்டுக் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடிப் பரப்புள்ள ஒரு மொட்டைமாடியில் அன்று விழுந்த நீர் சுமார் 45,000 லிட்டர். அதாவது ஆயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டிகள் நாற்பத்தைந்தை நிரப்பும் அளவு. ஒரு வீட்டுக்கு இவ்வளவென்றால், ஒரு தெருவுக்கு எவ்வளவு? ஒரு நகருக்கு எவ்வளவு? கிருஷ்ணா நகர் முதலிய தாழ்வான பகுதிகளில் மார்பளவு நீர் சூழ்ந்து, மக்களைப் படகுகளில் ஏற்றிச் செல்ல இராணுவத்தினர் வரவேண்டியதாயிற்று. மழை ஓய்ந்த பின்னர் மேற்கேயிருந்து ஆறுகள் பெருகின. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேலாகத் திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பாய்ந்து பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. சங்கராபரணியும் கரை புரண்டது. அரசு ஒவ்வொரு குடும்ப அட்டைக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

நீர் ஏன் வடியவில்லை?

இத்தகைய மழையை உடனுக்குடன் ஏந்திச் செல்லும் வாய்க்காலை எந்த நகராட்சியாலும் வெட்ட இயலாது என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், மழை நின்று வானம் வெளுத்த பின்னரும் சில தெருக்களில் நாட்கணக்கில் நீர் நிற்பதேன்? அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, நிலத்தின் அமைப்பு. பிரெஞ்சுக்காரர் தம் குடியிருப்பை அமைத்துக் கொண்டது கடலோர மணல்மேட்டில். அதற்கு மேற்கே நிலம் தாழ்ந்திருக்கிறது. அந்தத் தாழ்விலேதான் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. எனவே நகரத்து நீர் நேர்கிழக்கே கடலுக்குப் போக இயலாமல், பக்கவாட்டில் நெடுந்தூரம் நடந்தே வழி காண்கிறது.

இரண்டாவது, கடலின் நிலை. ஓதம் ஏறியிருக்கும் வேளையிலும், புயற்காற்றால் கடல்மட்டம் உயர்ந்திருக்கும் வேளையிலும், முகத்துவாரம் நீரை வாங்கிக் கொள்ளாது. கடல் நீரே உள்ளே புக முயலும். அப்பொழுது வாய்க்கால் எவ்வளவு தூய்மையாயிருந்தாலும் அதன் நீர் தேங்கியே தீரும்.

மூன்றாவது, முகத்துவாரத்தில் சேரும் மணல். நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் கடல்நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கிறது. 1980களின் இறுதியில் ஆற்றுவாயில் கல்லணைகள் கட்டப்பட்ட பின், வடக்கே நகரின் கடற்கரை அரிக்கப்பட்டதை யாவரும் கண்டோம். முகத்துவாரமோ மீண்டும் மீண்டும் தூர்ந்து போகிறது. படகுகள் தரைதட்டும்போது மீனவர் குரல் எழுப்புகின்றனர். அதனை மீனவர் குறை என்று மட்டும் எண்ணி நாம் வாளாவிருந்து விடுகிறோம். படகுக்கு வழி அடையும் அதே இடத்தில் வெள்ளத்துக்கும் வழி குறுகுகிறது. முகத்துவாரத்தைத் தூர்வாருவது நகரம் முழுவதற்கும் உரிய காரியம்.

ஆட்சியின் கடமை

ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பொதுப்பணித்துறையும் நகராட்சிகளும் வாய்க்கால்களைத் தூர்வாருகின்றன. தாழ்ந்த இடங்களில் மோட்டார் வைத்து நீரை இறைக்கின்றன. இப்பணியைக் குறைத்துப் பேசுவது நன்றன்று. இதைவிட ஆழமான முயற்சிகளும் நடந்துள்ளன. புதுச்சேரிப் பகுதியிலுள்ள 84 ஏரிகளைச் சீர்படுத்தும் திட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 1999இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நடைபெற்றது. ஏரியைப் பயன்படுத்துவோரே சங்கம் அமைத்து அதனைப் பேண வழிவகுத்தது. ஏரி என்பது பாசனத்துக்கு மட்டுமன்று; வெள்ளத்தைச் சற்றே தங்க வைத்து, மெல்ல மெல்ல அனுப்பும் இடமுமாகும். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும், நகருக்குள்ளேயே இருக்கும் வேல்ராம்பட்டு, கனகன் ஏரிகளும் அப்பணியைச் செய்பவை. அவற்றின் வரத்து வாய்க்காலும் போக்கு வாய்க்காலும் அடைபட்டால், அந்த நீர் தெருவைத் தேடி வருவதில் வியப்பென்ன?

மற்றொன்றும் எண்ணத் தக்கது. பிரெஞ்சு ஆட்சியின்போது 1880லேயே நகராட்சி அமைப்பைப் பெற்ற ஊர் இது. ஆனால் 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அம்மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்த பின்னர் மீண்டும் நெடுங்காலம் தேர்தலில்லை. அதிகாரிகள் எவ்வளவு உழைத்தாலும், எந்தத் தெருவில் எந்த மதகு அடைத்திருக்கிறது என்பதை அறிந்து, கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட வட்டார உறுப்பினர் ஒருவர் இல்லாத குறை மழைக்காலத்திலேதான் முழுமையாகப் புலப்படுகிறது.

நம் பங்கு

அரசைக் குறை கூறிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் நம் கடமை தீர்ந்துவிடுமா? வண்டி ஏறுவதற்கென்று வாய்க்காலின்மேல் சாய்தளம் கட்டியவர் யார்? கடைப்படியை நீட்டிக் கால்வாயை மூடியவர் யார்? காய்கறி வாங்கிவந்த பிளாஸ்டிக் பையைச் சன்னல் வழியே வீசியவர் யார்? நாமன்றோ!

கூரை நீரைத் தூய்மையாக நிலத்துக்குள் இறக்கினால் சிறு மழைகளிலாவது தெருவின் சுமை குறையும். கடலோரத்தில் உவர்ப்பேறி வரும் நிலத்தடி நீருக்கும் நலம் விளையும். புதுவீடு கட்டுவோர், அந்த மனை முன்னாளில் குளமாகவோ வாய்க்காற் கரையாகவோ இருந்ததா என்று முதியோரைக் கேட்டறியட்டும். பருவமழைக்கு முன் தெருவார் ஒன்றுகூடித் தம் வாய்க்காலை ஒருமுறை நடந்து பார்த்து, அடைப்புள்ள இடங்களை எழுதி அதிகாரிகளிடம் கொடுக்கட்டும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. வானம் எவ்வளவு பொழியும் என்பது நம் கையில் இல்லை. பொழிந்த நீர் எத்தனை நாள் நம் வாசலில் நிற்கும் என்பது பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. தலைமடையில் இருப்பவர் வீசிய குப்பை, கடைமடையில் இருப்பவர் வீட்டுக்குள் சேறாக வந்து சேர்கிறது. கட்டிலின்மேல் அரிசி மூட்டையை ஏற்றிவிட்டுக் குழந்தையைத் தோளில் சுமந்து நிற்கும் அந்தத் தாயை நாம் ஒருவேளை கண்டதேயில்லை. ஆயினும், நம் அயலான் யார் என்னும் பழைய கேள்விக்கு நம் தெரு வாய்க்கால் தெளிவாகவே விடை சொல்கிறது. அது போய்ச் சேரும் இடம் வரையில் வாழ்கின்ற யாவரும் நம் அயலாரே.