கிட்டாருக்குள் ஒரு சல்லடை: டோன் குமிழ் எப்படி இயங்குகிறது?

ஹட்டன், நுவரெலியா பக்கம் கைமாறி வரும் பழைய எலக்ட்ரிக் கிட்டாரில் மரத்துக்கு முன்னால் கெட்டுப்போவது ஜாக்கும் குமிழ்களும்தான். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் துவைத்த துணியே நாள்கணக்கில் காயாத மலை இது. அந்த ஈரம் உலோகத்தைச் சும்மா விடாது. குமிழைத் திருகினால் கரகரப்பு, வாசித்தால் மந்தமான சத்தம். "பிக்கப் போய்விட்டது, புதுசு போடு" என்று சொல்ல ஆள் வந்துவிடுவார்கள். அந்தச் செலவுக்கு முன் டோன் குமிழைக் கழற்றிப் பாருங்கள்.

பிக்கப்புக்குள் இருப்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றாகப் போன மெல்லிய செம்புக் கம்பியும். ஸ்டீல் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்ட விதிதான். அந்த மின்சாரத்தில் கனத்த ஒலியும் கூர்மையான ஒலியும் கலந்தே வரும்.

இனி அடுப்படிக்கு வாருங்கள். பலகாரத்துக்கு அரிசி இடித்து மா சலிக்கிறோம். நைஸ் மா கீழே விழும், குருணை மேலே நிற்கும். டோன் குமிழில் பற்றவைத்திருக்கும் கெப்பாசிட்டர்தான் சல்லடை. கூர்மையான ஒலி அதன் வழியாக எர்த்துக்கு விழுந்துவிடும். கனத்த ஒலி மேலேயே நிற்கும். அடுப்படியில் விழுந்ததை எடுத்துக்கொள்வோம். கிட்டாரில் நின்றதுதான் அம்ப்ளிஃபயருக்குப் போகும்.

கெப்பாசிட்டரின் மதிப்பு சல்லடைக் கண்ணின் அளவு. 0.022 மைக்ரோஃபாரட் சின்னக் கண். 0.047இல் நடுத்தர ஒலியும் சேர்ந்து விழும். 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 0.1 போட்டிருந்தார்கள், குமிழை முழுக்கக் குறைத்தால் கூர்மை என்பதே மிஞ்சாது. என் விருப்பம் 0.022. ரேடியோ திருத்தும் கடையிலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில்.

சல்லடையில் எவ்வளவு மா கொட்டுவது என்பதைக் குமிழ் தீர்மானிக்கிறது. முழுக்கக் கூட்டி 10இல் வைத்தாலும் கொஞ்சம் விழத்தான் செய்யும்; குமிழின் ஓம் குறைந்தால் விழுவது கூடும். அதனால்தான் ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோஓம் குமிழ், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500. ஹம்பக்கர் கிட்டாரில் யாரோ 250 மாட்டியிருந்தால் மந்தத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கோளாறையும் இப்படியே பிடிக்கலாம். 0இல் வைத்ததும் சத்தமே அற்றுப்போனால் சல்லடை கிழிந்துவிட்டது: கெப்பாசிட்டர் ஷோர்ட். 10க்கும் 0க்கும் வித்தியாசமே இல்லையென்றால் கண் அடைத்துவிட்டது: பெரும்பாலும் அதன் கால் ஈயம் விட்டிருக்கும். வெறும் கரகரப்பு என்றால் குமிழுக்குள் கரித்தடத்தில் அழுக்கு. கால்களுக்கு மேலே உள்ள இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பலமுறை திருகுங்கள்.

பற்றவைக்கும்போது குமிழின் முதுகில் ஈயம் பிடிக்காமல் உருண்டு ஓடும். சூட்டை நீட்டாதீர்கள், உள்ளே கரித்தடம் கருகும். பிளேடால் சுரண்டிப் பளபளப்பாக்கினால் உடனே பிடிக்கும்.

சலித்து விழுந்த ஒலி போய்ச்சேரும் அந்த எர்த் கம்பி பிரிட்ஜ் வழியாகத் தந்திகளையும் தொடுகிறது. தந்தியில் கை வைத்ததும் இரைச்சல் அடங்கினால் கம்பி சரியாக இருக்கிறது. ஆனால் அது கேபிள் வழியாக அம்ப்ளிஃபயரின் உடலோடும் இணைந்தது. கிட்டாருக்குள் ஓடுவது மில்லிவோல்ட்டுகள், சுவரில் இருப்பது 230 வோல்ட். பழைய லயத்து வயரிங்கிலோ தோட்டத்துத் திருவிழா மேடைக்கு இழுத்த வயரிலோ எர்த் இல்லாமல் அம்ப்ளிஃபயரில் கசிவு ஏற்பட்டால், கையில் தந்தியும் உதட்டில் மைக்குமாக நிற்பவரின் உடல் வழியாகத்தான் அது பாயும். கெப்பாசிட்டரை நீங்களே மாற்றுங்கள். சாக்கெட்டின் எர்த்தை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள்.